வெள்ளை கொட்டுகிறவள்

கால் படாத இடமாகப் பார்த்துத்தான் சல்தனத் அக்கா வாளியைச் சாய்ப்பாள். வேலியோரத்து முள்ளடி, பாழாய்க் கிடக்கும் ஆட்டுப்பட்டியின் மூலை, ஆற்றுக்கு எட்டாத கல்குழி. நுரை தட்டிய பால் மண்ணுக்குள் இறங்கி முடிகிறவரை குனிந்தே நிற்பாள். பிறகு, "பாவம் என் தலையில" என்பாள், வீட்டுக்காரிக்குக் கேட்கிற மாதிரி. வீட்டுக்காரி அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போயிருப்பாள்.

எங்கள் பக்கத்தில் பால், தயிர், வெண்ணெய், மோர் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், வெள்ளை. வெள்ளையைத் தரையில் கொட்டக் கூடாது. கூடாரத்துக்குள் பாம்பு நுழைந்தால்கூட அடிக்க மாட்டோம், தலையில் கொஞ்சம் வெள்ளையைத் தெளித்து வழியனுப்புவோம். அப்படிப்பட்ட ஊரில் வாளி வாளியாகக் கொட்டுகிற வேலை ஒரு பொம்பளைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆத்பாஷிக்கு மேலே மலையடியில் இருக்கிற எங்கள் ஊர்களுக்கெல்லாம் அவள்தான் மாட்டு டாக்டர். சீட்டு இல்லாமல் சந்தையில் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது, ஊசி போட்ட மாட்டின் உடம்பை விட்டு மருந்து போகிறவரை அதன் பால் மனுஷனுக்கும் ஆகாது, கன்றுக்கும் ஆகாது என்று நாடு முழுக்க உத்தரவு. போட்டவர்கள் தலைநகர் பிஷ்கேக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊருக்குள் அந்த உத்தரவு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இவள் உருவத்தில் நடந்து வருகிறது.

முதலில் "கொட்டுங்க" என்று சொல்லிப் பார்த்தாள். யாரும் கொட்டவில்லை. காய்ச்சினால் மருந்து ஆவியாகிப் போய்விடும் என்றார்கள். தயிராக்கிப் பிழிந்து உருண்டை பிடித்துக் கூரையில் போட்டால் வெயில் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். கடைசியில் அவளே வாளியை வாங்க ஆரம்பித்தாள்.

நான் பால் வண்டி ஓட்டுகிறவன். ஆலையில் இப்போதெல்லாம் ஒரு காகிதத் துண்டைப் பாலில் முக்கிப் பார்க்கிறார்கள். ஒரு வீட்டுப் பாலில் மருந்து இருந்தாலும் தொட்டி மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் அக்காவை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு போவது எனக்கும் நல்லதுதான். வழியெல்லாம் சூரியகாந்தி விதை கொறிப்பாள். தோலைக் கீழே துப்பமாட்டாள், கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வாள். மனிதர்களிடம் பேசுவதைவிட மாடுகளிடம்தான் அதிகம் பேசுவாள். "உனக்கென்னடி கேடு, நாலு காம்புல ஒண்ணு வலிக்குது, அதுக்கு ஊரையே கூட்டுறியா?" என்று மடியை வெந்நீர்த் துணியால் ஒற்றிக்கொண்டே இருப்பாள். கறந்து கறந்து விடுவாள். வேறு வழியே இல்லை என்றால்தான் ஊசியைக் கையில் எடுப்பாள்.

ஒருமுறை ஒருவன் பொறுமை இழந்து, "துணியால துடைக்கவா உன்னப் படிக்க வெச்சாங்க?" என்று கேட்டான்.

"தொழுவத்தச் சுத்தமா வெச்சுக்க உன்னப் படிக்க வெச்சிருந்தா நான் ஏன்டா துடைக்கிறேன்?" என்றாள், தலையைத் தூக்காமலே.

ஊசி போடாத டாக்டர், பால் குடிக்காத விருந்தாளி என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். இரண்டாவதும் உண்மைதான். எந்த வீட்டில் கிண்ணத்தை நீட்டினாலும், "எந்த மாட்டுப் பாலு?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பாள். கொடுத்த வெள்ளையைச் சந்தேகப்படுகிறவளை எத்தனை நாள்தான் கூப்பிடுவார்கள்? கல்யாணத்துக்குக் கூப்பிடுவது முதலில் நின்றது. தொட்டில் போடுகிற வீட்டுப் பக்கம் அவள் நிழலே படக் கூடாது என்று ஆயிற்று. வெள்ளை கொட்டுகிற கை அல்லவா? வீட்டில் நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். உட்கார்ந்தால் எதிரே யார் என்று கண் தேடுகிறது என்று ஒரு நாள் சொன்னாள்.

எதிரே உட்கார்ந்திருக்க வேண்டியவர் அவள் புருஷன் எர்கின். அவருக்கு முறைப்படிப் படிப்பு இல்லை. ஆனாலும் தாராளக் கை. ஆடு தும்மினால் ஊசி, மாடு படுத்தால் ஊசி, கன்று சும்மா நின்றாலும் இருக்கட்டும் என்று ஒன்று. ஊரே கொண்டாடியது. ஆட்டுக்குப் பிரசவம் பார்த்தபோது அவர் உள்ளங்கையில் ஒரு சின்னக் கீறல். அது புரையோடிக் கை தோள்வரை வீங்கியது. நாரின் நகரத்து ஆஸ்பத்திரியில் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். இந்தக் கிருமி எல்லா மருந்தையும் ஏற்கெனவே பார்த்துவிட்டது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஊரில் அந்தச் சாவை விதி என்கிறார்கள். அக்கா அதைப் பற்றிப் பேசுவதில்லை. வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

இந்த வசந்தத்தில் எர்கினுடைய அண்ணன் ஜோல்தோஷ் வீட்டுச் சிவப்பு மாட்டுக்கு மடிநோய் கண்டது. துணி வைத்தியத்துக்கு அடங்கவில்லை. அக்கா ஊசி போட்டாள். போட்டுவிட்டு வாளிக்காகக் கையை நீட்டினாள். ஜோல்தோஷ் தரவில்லை. "என் வீட்டு வெள்ளைய நீ கொட்ட வேணாம். நானே கொட்டிக்கறேன். பெரியவன் சொல்றேன்ல" என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். பேரன் பிறந்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை தொட்டிலில் போடுகிறோம், சித்தி கையால்தான் பிள்ளைக்கு வாய் தொட வேண்டும் என்று மருமகள் அய்பெரி ஒற்றைக்காலில் நிற்கிறாள், வந்துவிடு என்று.

தொட்டிலில் போடும் முன் குடும்பத்தில் மூத்த பெண் ஒருத்தி உருக்கிய வெண்ணெயில் விரலைத் தோய்த்துக் குழந்தையின் நாக்கில் வைப்பாள். அதுதான் வாய் தொடுவது. அக்கா அன்றைக்கு வாளியை மறுபடி கேட்காமலே வண்டியில் ஏறினாள். மறுநாள் விதை கொறிக்கவில்லை. கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "மருந்து வாடை அடிக்குதா தம்பி?" என்று என் மூக்குக்கு நேரே நீட்டினாள். சோப்பு வாடைதான் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளை நான்தான் கூட்டிப்போனேன். வாசலுக்கு எதிரே, மரியாதைக்குரிய இடத்தில் உட்காரவைத்தார்கள். பூப்போட்ட தலைத்துணி கட்டியிருந்தாள். அய்பெரி பிள்ளையை அக்கா மடியில் வைத்தாள். ஜோல்தோஷின் மனைவி ஜெய்னெப் சின்னக் கிண்ணத்தில் வெண்ணெயை உருக்கிக் கொண்டுவந்தாள். அக்கா விரலைத் தோய்த்தாள். பிள்ளை வாயைத் திறந்தது. விரல் அப்படியே நின்றது.

இன்றைக்கு ஒரு நாள் கேட்காதே அக்கா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"எந்த மாட்டு வெண்ணெய் இது?"

"விரல் நுனி வெண்ணெய்ல என்னடி ஆகிடப் போகுது?" என்றாள் ஜெய்னெப்.

"எந்த மாடு?"

"வீட்ல வேற எது கறக்குது இப்ப? சிவப்பிதான்."

அக்கா ஜோல்தோஷைப் பார்த்தாள். அவர் விருந்துத் தட்டில் இருந்த சர்க்கரைக் கட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாளியத் தூக்கிட்டு வேலி வரைக்கும் போனேன். கை வரல. பாம்புக்குக்கூட ஊத்துறோம், மண்ணுல எப்படிக் கொட்டுறது?"

"உங்க தம்பி கைய நீங்களும்தானே பாத்தீங்க அத்தான்."

ஜோல்தோஷின் கழுத்து சிவந்தது. "அந்தப் பேச்ச இங்க எடுக்காத. வேற யாராச்சும் வந்து புள்ளைய வாங்கிக்குங்க."

அக்கா பிள்ளையைத் தாயிடம் கொடுத்தாள். விரலைப் பாவாடையில் துடைத்தாள். வெள்ளையைத் துணியில் துடைத்ததைப் பார்த்து ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஒருத்தரும் தடுக்கவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நானும் எழுந்து அவள் பின்னாலேயே போனேன். வேலியோரத்து முள்ளடியில் கிண்ணத்தைக் கவிழ்த்தாள்.

உள்ளே அய்பெரியின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டில் வெண்ணெய் வாங்கி வாருங்கள், இல்லாவிட்டால் வாய் தொடவே வேண்டாம் என்றாள். ஜெய்னெப் அவளைத் திட்டினாள். ஆனாலும் யாரோ வேலியைத் தாண்டிப் போய் வாங்கி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கிழவிகள் வாழ்த்துகிற சத்தமும், நாக்கில் வெண்ணெய் பட்டுப் பிள்ளை சப்புக் கொட்டியிருக்கும் போல, ஒரு பெரிய சிரிப்பும் வெளியே வந்தன. அக்கா வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வண்டியை எடுக்கும் நேரத்தில் அய்பெரி தலைத்துணி நழுவ ஓடிவந்தாள். இரண்டு கையிலும் ஒரு ரொட்டியை ஏந்தியிருந்தாள். ரொட்டியில் வாய் வைக்காமல் எங்கள் வீடுகளிலிருந்து யாரும் கிளம்பக் கூடாது. உள்ளே வாங்க என்று கூப்பிட அந்த வீட்டில் அவளுக்கு இன்னும் உரிமை வரவில்லை. கூப்பிடவும் இல்லை. ரொட்டியை மட்டும் நீட்டினாள்.

அக்கா நகக்கண் அளவுக்குப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள். பாலம் போயிற்று, சந்தைத் திடல் போயிற்று. பூட்டிக் கிடந்த அவள் வீட்டுக்கு முன்னால் நான் வண்டியை நிறுத்தினேன். அப்போதும் அவள் அந்த ரொட்டியை மென்றுகொண்டுதான் இருந்தாள்.