கிள்ளானில் நான் போட்ட தாளம்

எனக்குப் பெண் பார்த்த தரகர் கிள்ளானிலிருந்து ஒரு சேதி கொண்டுவந்தார். பெண்ணின் தகப்பனார் தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா. சங்கீதம் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்கமாட்டாராம். ஊரிலிருந்து கப்பலில் வந்திருக்கும் ஒரு பாகவதர் ஞாயிறு சாயங்காலம் கிள்ளான் கோயிலில் பாடுகிறார். நான் முன்வரிசையில் கிராணியின் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட வேண்டும், மற்றப் பேச்செல்லாம் அப்புறம்தானாம். பெண்ணின் படத்தை நான் ஏற்கெனவே பார்த்துத் தொலைத்திருந்தேன். அதனால் சரி என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே சங்கீதம் நான் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் ஊதுவது.

ஞாயிறு காலை இரண்டு சிநேகிதர்கள் என்னைக் கிள்ளானுக்கு ரயிலேற்றிக் கொண்டுபோனார்கள். ஒருவர் என் ஆபீசில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர், நன்றாகப் பாடுவார். இன்னொருவன் நன்றாகச் சாப்பிடுவான். நடந்துகொண்டே படித்தால்தான் தாளம் உடம்பில் ஏறும் என்று யாழ்ப்பாணத்தார் சொல்லிவிட்டதால், ஸ்டேஷனிலிருந்து ஆற்றங்கரை, ஆற்றங்கரையிலிருந்து பாசார்ச் சந்தை என்று வெயிலில் நடந்தோம். ஓர் அடிக்கு ஓர் எண்ணிக்கை. தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல், பிறகு தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. நான் கையைத் திருப்பும்போதெல்லாம் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. மூன்றாவதாக வந்து நின்ற சீனர் என்னைத் திட்டிவிட்டுப் போனார். அவர் திட்டியது மட்டும் தாளத்தோடு இருந்தது.

"ஐசே, எட்டு எண்ணச் சொன்னால் நீர் ஏழில வந்து நிக்கிறீர். மற்றது எங்க?" என்றார் யாழ்ப்பாணத்தார்.

"பசியில விழுந்திருக்கும்லா. சாப்பிட்டா வந்துடும்" என்றான் மற்றவன்.

சாப்பாட்டுக் கடையிலும் பாடம் நிற்கவில்லை. நான் இலையோரத்தில் விரல் எண்ணியதைப் பரிமாறுகிறவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு மூன்று வடை வைத்தார். அடுத்த சுற்றுக்கு இன்னும் மூன்று. "நிறுத்தாதேடா, இன்னொரு தடவை போடு" என்று சாப்பாட்டுச் சிநேகிதன் உற்சாகப்படுத்தினான். எட்டு எண்ணிக்கை எனக்குப் பிடிபட்டபோது எங்கள் முன்னால் ஒன்பது வடை இருந்தது.

கோயிலில் பெரிய கிராணி கோட்டும் தலைப்பாகையுமாக உட்கார்ந்திருந்தார். தம் பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருந்தார். பாகவதர் எடுத்த முதல் பாட்டே எட்டில் அடங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் யாழ்ப்பாணத்தார் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே ஒரு ரசிகர் இருக்கும்போது எனக்கென்ன கவலை என்று, கிராணியின் கையைக் கடைக்கண்ணால் பார்த்து அப்படியே போட்டேன். அவர் தட்டினால் தட்டினேன், திருப்பினால் திருப்பினேன். இரண்டு கையும் அபாரமாகச் சேர்ந்தன. மிருதங்கக்காரர் மட்டும் எங்களைச் சற்று நேரம் வெறித்துப் பார்த்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நடுவில் ஒரு கொசு என் கழுத்தில் கடித்தது. பட்டென்று அடித்தேன். கிராணியும் தம் கழுத்தில் பட்டென்று அடித்தார். அவரையும் கடித்திருக்கும் என்று நினைத்தேன்.

கச்சேரி முடிந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு காதோரம் குனிந்தார்.

"தம்பி, என் மானத்தைக் காப்பாத்தினீங்க. எனக்குத் தாளம்னா ஒரு மண்ணும் தெரியாது. கிராணின்னு முன்னால உக்கார வச்சிடறானுங்க. தெரிஞ்ச மாப்பிள்ளை பக்கத்துல இருந்தா பார்த்துப் போட்டுக்கலாமேன்னுதான் உங்களை வரச்சொன்னேன். வீட்டுல சொல்லிடாதீங்க, பொண்ணு முறையா பாட்டு கத்துக்கிட்டவ."

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். பெண் என்ற பேச்சு வந்ததும் அந்த நினைப்பு ஓடிவிட்டது. "அதுக்கென்னங்க" என்றேன்.

ஒரு வாரம் ஆபீசிலிருந்து வந்ததும் வாசலில் உட்கார்ந்து சேதிக்குக் காத்திருந்தேன். அப்புறம் தரகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். அன்று பெண்கள் பக்கத்தில் இருந்த கிராணியின் மகள் எங்கள் இரண்டு கைகளையும் பார்த்திருக்கிறாள், கொசு அடித்தது உட்பட.

"பொண்ணுக்குச் சம்மதம்தான்லா. ஒரே ஒரு கண்டிஷன். இனிமே கச்சேரியில மாமனாரும் மருமகனும் கையைக் கட்டிக்கிட்டு உக்காரணுமாம்."