வலிக்குது என்று சொன்னேன்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை செய்கிறேன். கல்யாணமான புதிதில் கணவர் நெருங்கினாலே எனக்கு வலிதான். ஏதோ நோய் என்று பயந்து, வேலூரில் ஒரு பெண் டாக்டரிடம் தனியாகப் போனேன்.

பரிசோதித்துவிட்டு, "உங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா. அவசரம்தான் காரணம். பேச்சு, அணைப்பு, முத்தம்னு முதல்ல உடம்பு தயாராகணும். வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க" என்றார்.

அந்த ஞாயிறு மத்தியானமே கூச்சத்தை விட்டுக் கணவரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "இன்னாத்துக்கு இவ்ளோ நாள் சொல்லல? உனக்கு என்னைப் புடிக்கலன்னுல்ல நெனச்சேன்!" என்றார். அதன்பிறகு அவர் அவசரப்படவே இல்லை. வலியும் போனது, நானே அவரைத் தேட ஆரம்பித்தேன்.

வாய் திறந்து பேசினேனே என்று எனக்கு ரொம்பப் பெருமை. இப்போது எது பிடிக்கும், எது வேண்டாம் என்று நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் லைனில் கல்யாணம் நிச்சயமாகும் பெண்களிடமும், "வலிச்சா பொறுத்துக்காத, சொல்லு" என்று தைரியமாகச் சொல்கிறேன்.