நிரம்பின டாங்கியும் நானாவின்ர கடைசிக் கான் டீசலும்

காம்பஸ் முடிச்சு வந்து ஒரு வருசம் வீட்டில சும்மா கிடந்தனான். பிறகு டவுணில, துறைமுகத்துக்கு வாற கப்பலுகளுக்குச் சாமான் குடுக்கிற கிண்ணியா முஸ்லிம் ஆள் ஒருத்தர், நானா எண்டு கூப்பிடுவம், அவற்ற கடையில டைப்பிஸ்டாச் சேர்ந்தனான். பட்டம் பொருளியலில, வேலை வெங்காயத்தில. கப்பல் வந்தால் கப்டனோட இங்கிலீசில கதைக்கவேணும், மரக்கறி, தண்ணி, ஐஸ், டீசல் எல்லாத்துக்கும் பட்டியல் அடிக்கவேணும். நானாவுக்கு இங்கிலீசில மூண்டு சொல்லுத்தான் தெரியும்: யெஸ், நோ, டுமாரோ. மிச்ச இங்கிலீசு முழுக்க என்ர பொறுப்பு.

கடையளில யப்பான் ரேடியோ வந்து குவிஞ்சுகொண்டிருந்த காலம் அது. ஊருக்குள்ள புதுச் சாமான் எதைக் கண்டாலும் வாய் பிளப்பம். ஆனால் அந்தப் பங்குனியில உள்துறைமுகத்துக்குள்ள வந்து நங்கூரம் போட்டுதே ஒண்டு, அதைப் பார்த்த பிறகு ரேடியோ எல்லாம் எனக்குத் தகரப்பேணி மாதிரித் தெரிஞ்சுது. மோட்டர் யொட், உல்லாசப் படகு. பாயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, எஞ்சின் மட்டும்தான். ஐம்பது அடி இரும்பு உடம்பு, வெள்ளைப் பெயின்ற். பெரிய கப்பல் ஒண்டைத் தோய்ச்சுக் காயப்போட்டுச் சுருங்கின மாதிரி ஒரு வடிவு.

அதில ரெண்டே ரெண்டு பேர், வயசுபோன வெள்ளைக்காரப் புருசனும் பெண்சாதியும். பினாங்கில இருந்து எட்டு நாள், ஒரு இடமும் நிக்காமல் நேர இஞ்ச. மனுசிதான் கப்டன். மனுசன் குசினி.

முதல்நாள் பட்டியலோட ஏறிப்போன நான் உள்ளுக்குப் பார்த்துப்போட்டுப் பட்டியலைக் குடுக்கவே மறந்துபோனன். என்னைத் தெரிஞ்ச ஆக்களைக் கேளுங்கோ, அது எவ்வளவு பெரிய விசயம் எண்டு சொல்லுவினம். குசினியில பாண் சுடுற அடுப்பு. ஐஸ் பெட்டி ரெண்டு. குழாயைத் திறந்தால் சுடுதண்ணி. உடுப்புத் தோய்க்க மெசின். எங்கட வீட்டில நாங்கள் அப்பவும் கிணத்தில வாளி போட்டுக்கொண்டிருந்தனாங்கள். இதுகள் ரெண்டும் வீட்டைக் கையோட கொண்டு உலகம் சுத்துதுகள்.

"இது ஓட எவ்வளவு காசு முடியும்?" எண்டு கேட்டன். பொருளியல் படிச்சவள் கேக்காமல் விடுவாளோ?

கப்டன் மனுசி அதைத்தான் எதிர்பார்த்த மாதிரி இருந்துது. "ஆறு நொட் வேகத்தில மெல்லப் போனால் மணிக்கு ரெண்டு கலன் டீசல். ஒன்பது நொட்டுக்கு முறுக்கினால் எட்டுக் கலன். மூண்டு நொட்டுக்காக நாலு மடங்கு குடிக்கும். அதால நான் முறுக்கிறதே இல்லை" எண்டா. டீசல் மட்டுமில்லையாம். வருசத்துக்கு ஒருக்கால் தூக்கி அடியைச் சுரண்டிப் பெயின்ற் அடிக்கவேணும். நங்கூரத்தில சும்மா நிண்டாலும் ஐஸ் பெட்டிக்கு ஜெனரேற்றர் ஓடவேணும். ரெண்டு பேரும் ஊரில இருந்த வீட்டை வித்துப்போட்டுத்தான் இதை வாங்கினவையாம். மனுசன் குசினிக்குள்ள நிண்டு, "அந்த வீட்டையும் இது குடிச்சு முடிச்சிட்டுது" எண்டு சிரிச்சார்.

அடுத்து காலித் துறைமுகத்துக்குப் போறதா இருந்திச்சினம். ராவும் பகலும் ஆராவது ஒராள் முழிச்சு ஓட்டவேணும். மனுசனுக்கு நாரி பிடிச்சு நிமிர ஏலாது, மாத்தி ஓட்ட மூண்டாவது ஆள் வேணும். நான் பட்டெண்டு, "நான் வாறன்" எண்டன். நானும் தம்பலகாமத்தில மாமாவின்ர டிராக்டர் ஓட்டின ஆள்தானே. ஸ்டியரிங் எண்டால் ஸ்டியரிங்தான்.

மனுசி என்னை மேலயும் கீழயும் பார்த்தா. "முதல்ல டீசல் நிரப்புற வேலையை ஒழுங்காச் செய்து காட்டு. ஒரு துளி ஊத்தை உள்ள போகக்கூடாது, ஒரு துளி வெளிய சிந்தக்கூடாது. சரியெண்டால் வா."

அம்மாவிட்டக் கேட்டன்.

"ஆர் ஓட்டுறது?"

"மனுசி."

"புருசன்?"

"சமைக்கிறார்."

அம்மா கறியை ஒருக்கால் கிண்டி மூடினா. "அப்ப போய்ப் பார்த்திட்டு வா. அப்பாவுக்கும் வந்து சொல்லு."

ஆக, அம்மா சம்மதம். இனி டீசல் ஒண்டுதான் குறுக்க நிண்டுது.

டீசலை வள்ளத்தில பரல் பரலாக் கொண்டுபோனம். மனுசி சீனன்குடாப் பக்கம் கையைக் காட்டி, "அங்க அவ்வளவு பெரிய எண்ணெய் டாங்கி நிரையா நிக்குதே, அதில எடுக்கேலாதோ?" எண்டு கேட்டா. "அங்க போனால் டீசல் வராது, துவக்கோட சென்றிதான் வரும்" எண்டன். கைப்பம்பால இறைச்சு, துணியில வடிச்சு விட்டம். மனுசி ஒவ்வொரு பரலிலயும் ஒரு போத்தல் எடுத்து வெயிலுக்குப் பிடிச்சு, அடியில தண்ணி நிக்குதோ எண்டு பார்த்தா. நானாவுக்கு அது பிடிக்கல்ல.

"என்ன புள்ள, நான் பாலா விக்கிறன், தண்ணி கலக்க?"

"எஞ்சினுக்கு நோகுமாம் நானா."

"எனக்குத்தான் நோகுது."

எல்லாம் திறமாத்தான் போச்சு. டாங்கி நிரம்பினவுடன மனுசி கையைத் தூக்கி, "போதும்" எண்டு சொல்லிப்போட்டு அளவு பார்க்கக் கீழ இறங்கினா. நான் மூடியைக் கையில எடுத்தன். அப்ப நானா வள்ளத்துக்குள்ள இருந்து ஒரு கான் டீசலைத் தூக்கிக்கொண்டு வாறார். அஞ்சு கலன்.

"இது என்ன நானா?"

"இது காசுக்கில்ல புள்ள. பரக்கத்துக்கு. மேல ஒரு கொஞ்சம் போடாம நான் அரிசியும் அளந்ததில்ல."

"டாங்கி நிரம்பிட்டுது."

"வயிறு நிரம்பின ஆளும் ஒரு துண்டு வட்டிலப்பம் திம்பானே."

நான் அதில மறிச்சிருக்கவேணும். மறிக்கேல்ல. கடையளில அரிசி அளக்கிற கொத்து நிறைஞ்ச பிறகு மேல விழுற அந்தக் கைப்பிடி அரிசியைப் பார்த்து வளர்ந்த ஆள் நான். குடுக்கிற ஆளை வேண்டாமெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல. நானா ஊத்தினார். முழுசா.

டாங்கிக்குக் காத்துப்போற குழாய் ஒண்டு டெக்கில இருக்கு. அது முதல்ல ஒரு ஏவறை விட்டுது. பிறகு பைப்படி மாதிரிப் பாயத் தொடங்கிச்சு. தேக்குப் பலகை டெக், பினாங்கில புதுசா எண்ணெய் பூசின டெக், முழுக்க டீசல். ஓரத்தால வழிஞ்சு கடலிலயும் விழுது. நான் கையால பொத்தினன், விரலுக்குள்ளால என்ர முகத்துக்கு அடிச்சுது. நானா சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு வள்ளத்துக்குப் பாய்ஞ்சு, ஐஸ் கட்டி மூடி வைக்கிற உமிச்சாக்கைத் தூக்கி வந்து டெக்கில கவிட்டார். உமி டீசலை நல்லா உறிஞ்சும், அது உண்மை. காத்தடிச்சால் பறக்கும், அதுவும் உண்மை. மனுசன் பாண்மாவோட வாசலுக்கு வந்தார், பாண்மாவிலயும் உமி, தாடியிலயும் உமி.

கப்டன் மேல ஏறி வந்தா. கத்தேல்ல. கத்தியிருந்தால் நல்லம்.

"நீ காலிக்கு வரவேண்டாம். நாங்கள் ரெண்டு பேருமே போவம்."

நானா என்னைப் பார்த்தார். "என்ன சொல்றா?"

"நன்றியாம்."

"மூஞ்சியில அப்பிடித் தெரியல்லயே."

ரெண்டு மணித்தியாலம் முழங்காலில நிண்டு உமியைக் கூட்டிச் சவுக்காரம் போட்டுத் தேய்ச்சன். அழுகை வந்துது. டீசல் கண்ணுக்குள்ள போனது எண்டு நானாவுக்குச் சொன்னன். தேய்ச்சு முடிச்சு நிமிர, அந்தக் குழாய் திரும்பவும் ஒரு வாய் துப்பிச்சு. ஆரும் ஒண்டும் ஊத்தேல்ல. துடைச்சன். பிறகும் துப்பிச்சு.

கப்டன் வந்து குனிஞ்சு பார்த்துப் பெருமூச்சு விட்டா. நிழலில நிண்ட டீசல், வெயிலில சூடேற ஊதுமாம். பொழுதுபடுமட்டும் கசியுமாம். துறைமுகத்துக்காரன் தண்ணியில எண்ணெயைக் கண்டால் வில்லங்கம். திரும்ப வெளிய இறைச்சால் இன்னும் சிந்தும். டாங்கி இறங்கவேணுமெண்டால் ஒரே வழி, எஞ்சினை ஓட்டி எரிக்கிறது. அதுவும் கெதியா எரிக்கவேணும்.

"நங்கூரத்தைத் தூக்கு" எண்டா. நானாவை இறக்கவும் நேரமில்லை. வள்ளத்தைப் பின்னால கட்டினம்.

துறைமுக வாய் தாண்டினவுடன மனுசி எஞ்சின் பிடியைப் பார்த்தா. பிறகு அதை முழுக்க முன்னுக்குத் தள்ளினா. எட்டுக் கலன். கண்ணாடிக் கிளாசெல்லாம் கிலுகிலுத்துது, பின்பக்கம் தாழ்ந்துது, ஒரு பெரிய மலை அலை எங்களுக்குப் பின்னால எழும்பி வந்துது. மனுசி சிரிக்கிறா. இவ்வளவு கடல் தாண்டி வந்த மனுசி, பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடிச்ச பெட்டை மாதிரிச் சிரிக்கிறா. நான் கூவினன். நானா கம்பியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கலிமா சொன்னார்.

அந்த நேரம் பார்த்து மூதூர்ப் பக்கத்து மீன் வள்ளம் ஒண்டு, சின்ன அவுட்போட் எஞ்சினோட, டர்ர்ரெண்டு எங்களை முந்திச்சு. அதில நிண்டவன் கத்தினான், "நானா, இறங்கித் தள்ளி விடவா?"

மனுசி என்ன எண்டு கேட்டா. இந்தமுறை நான் ஒரு சொல்லும் மாத்தாமல் சொன்னன். ஒன்பது நொட்டுக்கு மேல இதால ஏலாது எண்டு மனுசி சிரிச்சு இருமி, "கொஞ்சம் பிடி, தண்ணி குடிக்கவேணும்" எண்டு வீலை என்னட்டத் தந்தா.

டிராக்டர் மாதிரி இல்லவே இல்லை. திருப்பினால் யோசிச்சுத்தான் திரும்பும். ரெண்டு தரம் பாம்பு மாதிரி நெளிஞ்சு, மூண்டாம் தரம் நேர வந்துது. அப்பதான் தூரத்தில ஒரு தடியும் சின்னக் கறுப்புத் துணியும் கண்ணில பட்டுது. அங்கால இன்னொண்டு. நான் ஆரையும் கேக்கேல்ல. பிடியைப் பின்னுக்கு இழுத்தன், எஞ்சின் தணிஞ்சுது, வீலை வலப்பக்கம் சுத்தினன்.

கப்டன் தண்ணியோட ஓடி வந்தா. "ஏன் குறைச்சனீ?"

"வலை. அந்த ரெண்டு தடிக்கும் நடுவில முழுக்க வலை. மேல மிதப்பு இல்லாமல் தாழ விட்டிருக்கிறாங்கள்."

மனுசி பைனாகுலரால நெடுநேரம் பார்த்தா. அந்த வலை கப்பலுக்குக் கீழ சுத்துற விசிறியில சிக்கியிருந்தால், எஞ்சின் நிண்டு நடுக்கடலில கிடந்திருப்பம். நான் வளைச்சுக்கொண்டு போய் ஆறு நொட்டில நேர்ப்படுத்தினன். மனுசி போய் டீசல் துப்பின குழாயைத் தொட்டுப் பார்த்தா. காய்ஞ்சிருந்துது.

"காலிக்குப் போகேக்க விடியப்புறம் ரெண்டு மணியில இருந்து ஆறு மட்டும் உன்ர முறை" எண்டா. "இப்ப நான் படுக்கப்போறன்."

இறங்கிப் போயிட்டா. கொஞ்ச நேரத்தில கீழ இருந்து நல்ல கனதியா ஒரு குறட்டை வந்துது. மனுசன் தலையை நீட்டிக் காது குடுத்துக் கேட்டார், நம்பாமல் திரும்பவும் காது குடுத்தார். "கலியாணம் கட்டி முப்பது வருசம்" எண்டார் என்னட்ட. "நான் ஓட்டேக்க ஒருநாளும் இவ இப்பிடிக் குறட்டை விட்டு நித்திரை கொண்டதில்லை."

நானா கம்பியை விட்டுப்போட்டு மெல்ல எனக்குக் கிட்ட வந்தார்.

"புள்ள, அப்ப இப்ப ஆரு கப்டன்?"

"நான்தான் நானா."

"அப்பிடியெண்டா," எண்டு சத்தத்தைக் குறைச்சார், "அந்த உசந்த கப்டன் கதிரையில நான் கொஞ்சம் இரிக்கலாமா?"

"இருங்கோ" எண்டன்.