பிளானோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு: ஒரு சோதனை மருந்தைத் தேடிப் போன கதை

இந்த பிளாக்கில் இதுவரை நான் எழுதியதெல்லாம் மலை, பாலைவனம், எந்த ரோட்டில் எப்போது போனால் கூட்டம் இருக்காது என்கிற சமாச்சாரங்கள். இந்தத் தடவை போனது மருத்துவமனைக்கு. பெருங்குடல் புற்றுநோய்க்கான ஒரு சோதனை மருந்துக்காக மார்ச் மாதம் டெக்ஸஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பறந்தேன். இதே மாதிரி ஊர் விட்டு ஊர் போய் ட்ரையலில் சேரப் போகிறவர்கள் யாராவது இருந்தால் உபயோகப்படட்டும் என்று எழுதுகிறேன். எனக்கு மருத்துவம் தெரியாது. பிளானோவில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன், வயது நாற்பத்து நாலு. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

குடலில் இருந்த கட்டியை வெட்டி எடுத்தாகிவிட்டது. ஆனால் அதற்குள் அது கல்லீரலுக்குப் பரவியிருந்தது. இரண்டு விதமான கீமோ கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாவதும் கேட்காமல் போனபோது பிளானோ டாக்டர் உண்மையைச் சொன்னார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி சில குடல் புற்றுநோய்களுக்கு அருமையாக வேலை செய்யுமாம். என்னுடையது அதற்கு மசியாத வகை. எதிர்ப்பு செல்கள் என் கட்டிக்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த செல்களை உசுப்பும் ஒரு மருந்தை மிக நுண்ணிய கொழுப்புத் துகள்களுக்குள் வைத்துக் கட்டிக்கே அனுப்பும் முயற்சி சான் பிரான்சிஸ்கோவில் நடக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நான் பார்க்கிங் லாட்டுக்கு வருவதற்குள் யோசித்து முடித்து, காரில் உட்கார்ந்தே போன் பண்ணிச் சரி சொல்லிவிட்டேன்.

"நாளைக்குக் காலைல சொல்லியிருக்கலாமே" என்றாள் என் மனைவி சஃபியா. சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நோய் தெரிந்த நாளிலிருந்து என்னால் ஓர் இடத்தில் இருக்க முடிவதில்லை. வெட்டின புல்லையே திரும்ப வெட்டுவேன். எங்கும் போக வேண்டியிருக்காது, சும்மா டோல்வேயில் ஏறிப் பக்கத்து ஊரான ஃப்ரிஸ்கோ வரைக்கும் டிரைவ் பண்ணிவிட்டுத் திரும்புவேன்.

செவ்வாய்க்கிழமை காலை 6.40 விமானம். வீட்டிலிருந்து டல்லஸ் லவ் ஃபீல்ட் இருபது மைல். போக வர டிக்கெட் 214 டாலர். பிள்ளைகளுக்கு ஸ்கூல் இருந்ததால் சஃபியா வரவில்லை. நான்கு மணி நேரப் பயணத்தில் நடைபாதையில் அத்தனை தடவை நடந்தேன், பணிப்பெண் வந்து உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டாள். இல்லை, கால் மரத்துப்போச்சு என்றேன். உங்களுக்கு ஒரு விஷயம்: குடல் ஆபரேஷன் ஆனவர்கள் பாத்ரூமுக்குப் பக்கத்து சீட்டையே எடுங்கள். ஜன்னலுக்கு ஆசைப்பட வேண்டாம்.

ஓக்லாந்தில் இறங்கியபோது அங்கே மணி 8.40. ஜமீலா லாத்தா காரோடு நின்றாள். லாத்தா என்றால் எங்கள் காயல்பட்டினத்தில் அக்கா. என்னைவிட ஏழு வயது மூத்தவள். ஓக்லாந்திலிருந்து இருபத்திரண்டு மைல் தள்ளி டப்ளினில் இருக்கிறாள், வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேர் நடத்துகிறாள். எனக்காக மறுநாள் டேகேருக்கு லீவு விட்டிருந்தாள். அதோடு, தம்பிக்குப் புது மருந்து கிடைத்துவிட்டது, இனி சரியாகிவிடும், துஆ செய்யுங்கள் என்று ஊர் முழுக்க போன் போட்டுச் சொல்லியும் வைத்திருந்தாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட். டப்ளினிலிருந்து சான் பிரான்சிஸ்கோ முப்பத்தைந்து மைல்தான், ஆனாலும் காலை டிராஃபிக்கில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஐந்து நிமிடம்தான் மிச்சம் இருந்தது.

டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி, அவசரமே இல்லாமல் பேசினார். இந்த மருந்தை அப்படியே ரத்தத்தில் ஏற்றினால் உடம்பு முழுவதும் காய்ச்சல் கண்ட மாதிரி கொதிக்கும், கட்டிக்குப் போய்ச் சேருவதற்குள் கரைந்தும் போகும். அதனால் கொழுப்பு உறைக்குள் வைக்கிறார்கள். ஒரு துகள் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கட்டியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் ஓட்டையும் உடைசலுமாக இருப்பதால் துகள்கள் அவற்றின் வழியே உள்ளே நழுவும் என்பது எதிர்பார்ப்பு. "எல்லாம் போகாது. நிறையத் துகள்கள் கல்லீரலில் சிக்கிக்கொள்ளும். உங்கள் கட்டி இருப்பதே கல்லீரலில்தான். அது உங்களுக்குச் சாதகமா, பாதகமா என்று எங்களுக்கு இன்னும் தெரியாது" என்றார்.

லாத்தா நேராகக் கேட்டுவிட்டாள். "டாக்டர், இதுல என் தம்பிக்குக் குணமாயிடுமா?"

"இப்போது நாங்கள் பார்ப்பது, எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்பதைத்தான். உங்கள் தம்பி சேருவது இரண்டாவது குழு. அளவு குறைவு. இவருக்கு உதவலாம், உதவாமலும் போகலாம். இந்தக் குழு தாங்கினால் அடுத்த குழுவுக்கு அளவைக் கூட்டுவோம்."

நான் கையெழுத்துப் போட்டேன். கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சிக்கு மறுநாளே இடம் இருக்கிறது என்றார்கள், அதற்கும் தலையாட்டினேன். திரும்பும் வழியில் கார் பாலத்தில் ஏறியதும் லாத்தா வெடித்தாள்.

"அப்போ ஒன்ன எலி மாதிரி வச்சுப் பாக்கப் போறாங்க. அதுக்குக் கையெழுத்து வேற போட்டுக் குடுத்துட்டு வர்றியா?"

"லாத்தா, ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

"ஊருல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்டா, சரியாயிடும்னு."

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையிலும் அவள் அறைக் கதவு சாத்தியே இருந்தது. தட்ட மனம் வரவில்லை. வெறும் வயிற்றோடு ஒரு டாக்சி பிடித்து ரயில் நிலையம் போனேன். ரயிலில் சிட்டிக்கு முக்கால் மணி நேரம். உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேதான் போனேன். அங்கே போய் கவுனை மாட்டிக்கொண்டு படுத்த பிறகு நர்ஸ் கேட்டாள், "உங்களை வீட்டுக்குக் கூட்டிப் போக யார் வந்திருக்கிறார்கள்?"

"டாக்சியில் போய்க்கொள்வேன்."

"முடியாது. மயக்க மருந்து கொடுக்கிறோம். தெரிந்தவர் யாராவது இங்கே இருந்தால்தான் ஆரம்பிப்போம். இல்லாவிட்டால் இன்னொரு நாள்."

கொடுத்த காகிதத்தில் இதைத் தெளிவாகத்தான் போட்டிருந்தார்கள். நான்தான் அவசரத்தில் படிக்கவில்லை. இன்னொரு நாள் என்றால் இன்னொரு விமானம், அதற்குள் கட்டி சும்மா இருக்குமா? லாத்தாவுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. அந்த அறையில் நடக்க நாலடிதான் இடம். அதிலேயே போய்ப் போய் வந்தேன். கவுன் பின்பக்கம் திறந்திருப்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள். பின்னால் ஏதோ குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"லாத்தா, நீங்க வந்தாத்தான் செய்வாங்களாம்."

"எந்த மாடி?" என்றாள்.

டேகேர் பிள்ளைகளை உதவிக்கு வரும் பெண்ணிடம் விட்டுவிட்டு ஒன்றேகால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தாள். தோளில் யாரோ குழந்தை கக்கிய பால் காய்ந்திருந்தது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெசத்தச் சொல்லு. எதுக்கு ஒத்துக்கிட்டே?"

எனக்குப் பிறகு வருகிறவர்களுக்காக என்று சொல்லத்தான் ஆசை. கேட்கவும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவளிடம் பொய் வரவில்லை. "சும்மா இருக்க முடியல லாத்தா. வீட்டுல உக்காந்து அது வளர்றதப் பாத்துக்கிட்டு இருக்க முடியல. எதாவது செஞ்சுக்கிட்டே இருக்கணும்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "சின்ன வயசுல தடுப்பூசி போடப் போனா மூணு பேரு புடிக்கணும் ஒன்ன. இப்போ நீயே டிக்கெட் போட்டு வந்து படுத்துக் கெடக்குறே." அப்புறம்தான் அழுதாள்.

ஏப்ரலில் முதல் தடவை மருந்து ஏற்றியபோது சஃபியா கூட இருந்தாள். ஏற்றி முடித்து ஒரு மணி நேரத்தில் குளிர் ஆரம்பித்தது. பல் கிட்டி, கட்டில் ஆடியது. சஃபியா என் கால் இரண்டையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டே இருந்தாள். மாத்திரை கொடுத்தார்கள், காய்ச்சல் ஏறி இறங்கியது. அன்று ஆறு மணி நேரம் கண்காணிப்பில் வைத்துவிட்டு அனுப்பினார்கள். அதிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய் வருகிறேன்.

ஜூனில் ஸ்கேன். கல்லீரலில் உள்ள கட்டிகளில் ஒன்று கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. மற்றவை அப்படியே இருக்கின்றன. புதிதாக எதுவும் இல்லை. மருந்தினால்தானா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது, தொடரலாம் என்றார் டாக்டர். லாத்தா இப்போதெல்லாம் ஊருக்கு போன் பண்ணினால், "இருக்கான், ஓடிக்கிட்டு இருக்கான்" என்று மட்டும்தான் சொல்கிறாள்.

போகப் போகிறவர்களுக்கு: ட்ரையல் நடத்துகிறவர்கள் பயணச் செலவில் ஒரு பகுதி தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள், எனக்கு விமானக் கட்டணம் திரும்பக் கிடைத்தது. கையெழுத்துப் போடும் முன் காகிதங்களை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கலாம், நான் படிக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. திரும்பும் விமானத்தை மருந்து ஏற்றும் அன்றே போட வேண்டாம். யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். அது யார் என்பதை முன்னாடியே பேசி முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

போன வாரம் லாத்தாவோடு போயிருந்தேன். காத்திருக்கும் இடத்தில், டப்ளினுக்குப் பக்கத்து ஊரான பிளசன்டனிலிருந்து வந்த ஒரு ஆன்ட்டி எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் திரும்பினார். அறுபது வயதிருக்கும், பூர்வீகம் ஈரோடு. மகன் காரை நிறுத்தப் போயிருந்தான்.

"தமிழுங்களா? இன்னைக்குத்தானுங்க எனக்கு மொத நாளு. மூணாவது குரூப்புன்னாங்க. போன குரூப்புக்கு ஒண்ணும் ஆகலையாம், அதனால எனக்கு அளவு சாஸ்தியா ஏத்தறாங்களாம்."

லாத்தா என்னைப் பார்த்தாள். அந்தப் போன குரூப்பில் நானும் ஒருவன். எனக்கு உடம்பு ஒரு மாதிரி அடங்கிப்போனது. எத்தனை மாதத்துக்குப் பிறகு அப்படி உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

"ரொம்பக் குளிருமுங்களா, தம்பி?" என்றார் ஆன்ட்டி.

நான் வாயைத் திறப்பதற்குள் லாத்தா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "குளிரும் ஆன்ட்டி. கொஞ்ச நேரந்தான், அப்புறம் அடங்கிடும். ஒங்க மகன் வர்ற வரைக்கும் நான் இருக்கேன், கையக் குடுங்க."