கால் எட்டாத வண்டி

ரங்கையா தம் வண்டியை எங்கே நிறுத்துவார் என்பதை இடப்பக்கத்து மேடுதான் தீர்மானிக்கும். கங்காதர நெல்லூரை அடுத்த அவருடைய சிற்றூரில் அத்தகைய மேடுகள் எங்கெங்கே உள்ளன என்பது அவருக்கு மனப்பாடம். மதகுச் சுவர், தண்ணீர் வராமல் போன கைப்பம்பின் மேடை, பால் சென்டரின் முதற்படி. சாலை நடுவே யாராவது கைகாட்டினால் நிற்கமாட்டார். அடுத்த மேடு வரை போய்க் காலை ஊன்றிக்கொண்டு, திரும்பிப் பார்த்து, "இன்னா, சொல்லு" என்பார். கூப்பிட்டவர்தான் நடந்து வரவேண்டும். சிலர் இதைச் செருக்கு என்று எண்ணினார்கள். உண்மையில் வண்டி உயரம், அவர் குள்ளம். இருக்கையில் அமர்ந்தால் கட்டைவிரல் நுனிதான் தரையைத் தொடும்.

மலைப்பாதைகளில் நெடும்பயணம் போவதற்கென்றே செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள் அது. உயர்ந்த முன்சக்கரம், அகன்ற கைப்பிடி, பெட்ரோல் டேங்கைச் சுற்றி இரும்புக் கம்பி, பின்னால் இருபுறமும் அலுமினியப் பெட்டிகள். ஊரார் அதை ஒட்டகம் என்றார்கள். மகன் கிரண்குமார் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருந்தபோது 2016இல் வாங்கியது. இரண்டு கோடைகளில் லடாக் வரை ஓட்டிப் போனான். 2021இல் ஜெர்மனிக்குக் கிளம்பும்போது வீட்டுக்குப் பின்னாலிருந்த மாட்டுக் கொட்டகையில் நிறுத்திவிட்டுச் சொன்னான்:

"வாராவாரம் ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணி வை நைனா. இல்லன்னா பேட்டரி பூடும்."

ரங்கையா சொன்னதை மட்டுமே செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சோக்கை இழுத்து வண்டியைக் கிளப்பி, என்ஜின் சூடாகும்வரை பக்கத்தில் நின்றிருப்பார். பிறகு அணைத்துவிட்டுச் சாணம் அள்ளப் போய்விடுவார். சில மாதங்களில் அதன் சத்தம் அவருக்குப் பழகிவிட்டது. குளிரில் இருமும், சூடேறியதும் ஒரே சீராக முணுமுணுக்கும். பிறகு தெருமுனை வரை ஓட்டினார். பிறகு கழனி வரை. ஒரு மழைக்காலத்தில் அவருடைய பழைய மொபெட் நீவா ஆற்று மணலில் புதைந்து நின்றுவிட, மறுநாள் பால் கேன்களைக் கோணியில் சுற்றி ஒட்டகத்தின் பெட்டிகளில் வைத்துக் கிளம்பினார். மணலையும் வரப்பையும் அந்த வண்டி ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. அன்று மொபெட் கொட்டகைக்குப் போனது. ஒட்டகம் வெளியே வந்தது.

கிரண்குமார் இதை வீடியோ அழைப்பில்தான் பார்த்தான்.

"நைனா! அது லடாக் போய்வந்த பெட்டி. அதுல பாலா?"

"லடாக்குக்கு அதுல இன்னா வச்சிக்கினு போன?"

"டென்ட்டு, ஜாக்கெட்டு, நூடுல்ஸு."

"நூடுல்ஸு போவலாம், பாலு போவக்கூடாதா?"

பின்னாலிருந்து மனைவி சுந்தரம்மா சிரித்தார். கிரண்குமாரும் சிரித்துவிட்டான்.

ஆனாலும் வண்டி தம்முடையது என்று ரங்கையா ஒருநாளும் சொன்னதில்லை. "பையன் வண்டி" என்றுதான் சொல்வார். அதில் எதையும் மாற்றவுமில்லை. பக்கக் கண்ணாடிகள் கிரண்குமாரின் கண்ணுக்கேற்பத் திரும்பியிருந்தன. அவற்றில் ரங்கையாவுக்கு வானமும் புளியமரத் தலைகளுமே தெரிந்தன. அப்படியே விட்டுவிட்டார்.

அதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. அவருடைய நைனா கங்கையா ஒரு மாந்தோப்புக்காரரிடம் கூலி வேலை செய்தவர். நிலமில்லாத வீட்டில் கருவியும் இல்லை. மண்வெட்டி, கயிறு, ஏணி எல்லாமே காலையில் தோப்புக்காரர் வீட்டில் வாங்கி, மாலையில் திருப்பித் தரவேண்டியவை. சிறுவனாக இருந்தபோது ரங்கையா, கை கொப்பளிக்கிறதே என்று மண்வெட்டியின் பிடியைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டித் தன் கைக்கேற்ப மெலிதாக்கிவிட்டான். அன்று கங்கையா வேறொரு பிடி செதுக்கி மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். அடிக்கவில்லை. "எரவல் சாமானு. அது அவங்க கைக்கி கீது. நம்ம கைக்கி மாத்தக்கூடாது" என்றார், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் ரங்கையா பெங்களூருக்குப் போனார். ஊரெங்கும் பெரிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். சென்ட்ரிங் பலகை சுமந்தார். பிற்காலத்தில் கிரண்குமார் தன் அலுவலகத்தின் படத்தை அனுப்பி, "இது நீ வேல செஞ்ச எடமா நைனா?" என்று கேட்டபோது, சுவர் முழுக்கக் கண்ணாடி மாட்டிய பிறகு எல்லாக் கட்டடமும் ஒரேமாதிரி இருக்கின்றன என்றுதான் சொல்ல முடிந்தது. ஊருக்குத் திரும்பியபின் அரசு ஒதுக்கிய தரிசில் ஓர் ஏக்கருக்குப் பட்டா கிடைத்தது. பட்டா வந்த அன்று சொந்தமாக ஒரு மண்வெட்டி வாங்கினார். மண்ணை வெட்டுவதற்கு முன்னால், கொல்லையில் உட்கார்ந்து பொழுதுசாயும்வரை அதன் பிடியைத் தம் கைக்கேற்ப இழைத்தார். அதன்பிறகு யாரிடமும் எதையும் கேட்டு வாங்குவதில்லை என்று இருந்துவிட்டார். மகனிடம்கூட.

சென்ற கார்த்திகையில் ஒருநாள் பால் சென்டரின் படியை மறித்துத் தீவன லாரி நின்றிருந்தது. பக்கத்தில் வேறு மேடில்லை. ரங்கையா காலை நீட்டினார், தரை கிடைக்கவில்லை. வண்டி அவசரமே இல்லாமல், மெல்ல, அவரையும் சேர்த்துக்கொண்டு சாய்ந்தது. பால் தெருவில் ஓடியது.

"ஒட்டகம் உக்காந்துக்கிச்சி மாமா!" என்று வரிசையில் நின்ற ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்; பிறகு ஓடிவந்து தூக்கினார்கள். கணுக்கால் வீங்கிப்போயிற்று.

பையனுக்குச் சொல்லவேண்டாம் என்றார் ரங்கையா. சுந்தரம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"இன்னாத்துக்கு சொன்ன?"

"இன்னொருவாட்டி விழுந்தா அவனா ஜெர்மனிலர்ந்து வந்து தூக்குவான்? நான்தான தூக்கணும்? அதான் சொன்னேன்."

கிரண்குமார் கோபப்படவில்லை; பயந்துபோனான். இணையத்தில் விளம்பரம் கொடுத்து, வண்டியை வாங்குவதற்குத் திருப்பதியில் சம்பத் என்பவரைப் பிடித்துவிட்டான். "கால் எட்டாத வண்டி வேணாம் நைனா. உனக்கு ஸ்கூட்டர் எடுத்துத் தரேன்" என்றான். எனக்கு இதுதான் வேண்டும் என்ற சொற்கள் ரங்கையாவின் தொண்டை வரை வந்தன. "சரே" என்றார்.

அலிபிரிக்கு வரும்படி சம்பத் சொல்லியிருந்தார். திருமலை அடிவாரத்தில் புது வண்டிக்காரர்கள் பூஜை போடும் இடம் அது; ஓட்டிப் பார்த்துப் பிடித்துவிட்டால் அங்கேயே பூஜையையும் முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. பெட்டிகளைச் சுந்தரம்மா இருமுறை கழுவினார். பால் வாசனை போகவில்லை.

அலிபிரிக்குக் கிளம்பிய அன்று காலையில் சித்தூர் காந்தி சிலை அருகே சிவப்பு விளக்கு விழுந்தது. ரங்கையா தரையைத் தேடினார். கிடைக்காமல், பக்கத்து ஆட்டோவின் கம்பியைப் பற்றிக்கொண்டார்.

"புடிச்சிக்கோ பெத்தாயனா, புடிச்சிக்கோ. இதுக்கு சார்ஜ் கெடயாது" என்றார் ஆட்டோக்காரர்.

விளக்கு மாறியது. சிறிது தூரத்தில், வண்டிகளுக்கு சீட் தைக்கும் கோவர்த்தனனின் கடை. சீட்டை வெட்டித் தாழ்த்த முடியுமா என்று கேட்பதும், பையன் வண்டி என்று சொல்லித் திரும்பிவிடுவதுமாக ரங்கையா அங்கே பலமுறை போயிருந்தார்.

"வா மாமா. வழக்கம்போல சீட்ட தடவிப் பாத்துட்டு போறியா, இல்ல டீ சொல்லட்டா?"

"வெட்டு."

கோவர்த்தனன் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தான். "பையனக் கேட்டியா?"

ரங்கையா சீட்டைக் கழற்றச் சாவியை நீட்டினார்.

"ஒருவாட்டி வெட்டிட்டா ஸ்பாஞ்சு திரும்ப வராது மாமா. அப்புறம் வந்து சண்ட போடக்கூடாது."

"தெரியும். ரெண்டு இன்ச்சு. வெட்டு."

உறையை உரித்ததும் ஸ்பாஞ்சின் நடுவே ஒரு பள்ளம் தெரிந்தது. கிரண்குமார் நாள்கணக்கில் உட்கார்ந்து ஓட்டியதில் அழுந்திய பள்ளம். பிளேடு அதன் குறுக்கே இறங்கியபோது நிறுத்தச் சொல்லலாமா என்று ரங்கையாவுக்கு இருந்தது. பார்வையைச் சாலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். எல்லாம் தைத்து மாட்டியபின் ஏறி உட்கார்ந்தார். இரண்டு குதிகாலும் தரையில் பதிந்தன. கையை நீட்டிக் கண்ணாடிகளையும் திருப்பினார். வானம் விலகி, சித்தூர்ச் சாலை தெரிந்தது.

அலிபிரியில் சம்பத் மாலையும் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். நல்ல உயரமான இளைஞர். வண்டியில் உட்கார்ந்ததும் அவருடைய முழங்கால்கள் டேங்குக்கு மேலே வந்து நின்றன.

"அண்ணா, போட்டோல இந்த சீட்டு இல்லயே?"

"அதே சீட்டுதான். இன்னிக்கி காத்தால வெட்னேன்."

"இன்னிக்கா? விக்க எடுத்துக்கினு வர்ற வண்டில யாராவது சீட்ட வெட்டுவாங்களா?"

ரங்கையா யோசித்தார். "வெட்ட மாட்டாங்க" என்றார்.

சம்பத் அவரையும், அவருடைய கால்களையும், சீட்டையும் மாறிமாறிப் பார்த்தார். முதலில் முகம் கடுத்தது; பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "முன்னாடியே சொல்லிருந்தா இன்னும் கொஞ்ச நேரம் தூங்கிருப்பேன்ணா. பர்லேது, பரவால்ல." மாலையையும் பழங்களையும் ரங்கையாவின் கையில் திணித்தார். "இத வீட்டுக்கு எடுத்துப்போயி நான் இன்னா பண்றது? நீங்களே போட்டுக்கோங்க."

அவர் போனபின் ரங்கையா மகனை அழைத்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும்.

"சீட்ட வெட்டிட்டேன்."

"எப்போ?"

"காத்தால. சித்தூர்ல."

"சம்பத்து?"

"பூட்டாரு."

 ரங்கையாவுக்குத் தம் நைனா செதுக்கி மாட்டிய பிடி நினைவுக்கு வந்தது. "நீ சொன்னா வேற சீட்டு வாங்கிப் போட்டுடறேன்" என்றார்.

"கால் எட்டுதா நைனா?"

"எட்டுது. ரெண்டும்."

"அப்போ வேற சீட்டு எதுக்கு? ஆர்சிய உன் பேருக்கு மாத்திக்கோ. ஓடிபி எனக்குத்தான் வரும், கூப்டு." பிறகு தூக்கக் குரலில் சொன்னான்: "பால் கேனுக்கு மூடி மட்டும் ஒழுங்கா போடு."

பூஜை போடுபவர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். ஏழு வயது வண்டி, கர்நாடக எண், பெட்டியில் பால் வாசனை. புது வண்டி இல்லையே என்று அவர் கேட்கவில்லை. யார் பெயருக்கு என்று மட்டும் கேட்டார்.

"ரங்கையா."

அவர் மந்திரத்துக்கு நடுவே அந்தப் பெயரைச் சேர்த்துச் சொன்னார். சக்கரங்கள் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு நகர்ந்தன.

சந்திரகிரியைத் தாண்டி ஓரிடத்தில், சமதளமான சாலையோரத்தில், ரங்கையா வண்டியை நிறுத்தினார். அங்கே மதகும் இல்லை, கல்லும் இல்லை; யாரும் கைகாட்டி அழைக்கவுமில்லை. இரண்டு காலையும் ஊன்றியபடி, என்ஜினை அணைக்காமல், சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு, மாலைப் பால் கறக்க நேரமாகிவிடும் என்று கிளம்பினார்.