அண்ணன் மகனுக்குப் பெண் கொடுக்காத வேலுத்தாய்

தேவதானத்தில் பிறந்து, வாக்கப்பட்டு ராஜபாளையம் வந்த வேலுத்தாய், சத்திரப்பட்டி ரோட்டில் பேண்டேஜ் துணி காயப்போடும் வேலைக்குப் போனாள். பட்டறை சேக் முகைதீன் என்பவருடையது. தறியிலிருந்து வரும் துணியை வெளுத்து, வெட்டவெளியில் கொடி கட்டி விரித்துவிடுவார்கள். காலையில் விரித்தால் பொழுது சாயும் வரை புரட்டுவதும் எடுப்பதுமாக அங்கேயே நிற்க வேண்டும். தலைக்கு மேலே வெயில், கண்ணுக்கு எதிரே வெள்ளைத் துணி. புருஷன் சுந்தரபாண்டியன் நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்த்தான். பேச்சியம்மாள் என்று ஒரே மகள்.

வேலுத்தாயின் முகத்திலும் கையிலும் எள்ளைத் தூவியது போலப் புள்ளிகள் உண்டு. அண்ணன் காளிராஜுக்கும் அப்படியே. கூடப் பிறந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். அப்பா சொந்த அக்கா மகளைக் கட்டியவர். ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான் என்பதால் அதை யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை. அண்ணன் தங்கச்சி ஜாடை என்று புள்ளிகளைப் பார்த்துச் சொல்வார்கள்.

காளிராஜ் வயல் வேலைக்காரன். 1984-இல் அவன் பிடரியில் கறுப்பாக ஒரு மச்சம் பெருத்து, சட்டைக் காலர் உரசியதில் ரத்தம் வந்தது. மருந்தை வைத்துக் கட்டிக்கொண்டு நாற்று நட்டான். மதுரைக்குக் கூட்டிப்போனபோது அது நுரையீரல் வரைக்கும் போயிருந்தது. பொங்கலுக்கு முன்னால் செத்துப்போனான். மனைவி மாரியாத்தாளும், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகன் சங்கரலிங்கமும் தனியானார்கள். வேலுத்தாய் அவர்களை விட்டுவிடவில்லை. லீவு விட்டால் பையன் அத்தை வீட்டில்தான் இருப்பான். வளர்ந்ததும் சுந்தரபாண்டியன் சொல்லி மில்லிலேயே அவனுக்கு வேலை கிடைத்தது.

அண்ணன் போன இரண்டாம் வருஷம் வேலுத்தாயின் மூக்கோரத்தில் பரு மாதிரி ஒன்று கிளம்பியது. ஆறும், பொறுக்கு உதிரும், மறுபடி புண்ணாகும். ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் மதுரைக்குப் போகச் சொன்னார். அங்கே தோல் பிரிவில் இருந்தவர் தங்கபாய் என்ற டாக்டர், நாசரேத் பக்கத்துக்காரர். கட்டியை வெட்டி எடுத்தார்கள். புற்று என்று முடிவு வந்தது. தையல் போட்ட மூக்கை விட்டுவிட்டு, அந்தப் புள்ளிகளையே டாக்டர் வெகுநேரம் பார்த்தார். அப்பா அம்மா என்ன உறவு என்று கேட்டார். அண்ணன் செத்த விதத்தையும் கேட்டார். பிறகு, வெயில் படாத அக்குள் பக்கம் துளியூண்டு தோலை எடுத்து, தனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் மூலமாக வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினார்.

பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. தங்கபாய் அவளை உட்காரவைத்துச் சொன்னார்.

"வெயில் பட்டா எல்லாருக்கும் தோல் செல்லுக்குள்ள கொஞ்சம் சேதமாகும். உடம்பு எப்படி இருக்கணும்னு எழுதி வச்ச டி.என்.ஏன்னு ஒண்ணு உள்ள இருக்கு. அதுல அங்கங்க ரெண்டு எழுத்து ஒட்டிக்கும். அதை வெட்டி எடுத்துச் சரி பண்ற வேலையும் உள்ளேயே நடக்கும். உன் செல்லும் அதை நல்லாத்தான் செய்யுது."

"பொறவு என்னம்மா கோளாறு?"

"ஒரு செல் ரெண்டாகுறதுக்கு முந்தி, அந்த எழுத்து முழுசையும் இன்னொரு படி எடுக்கணும். சரி பண்றதுக்குள்ள படி எடுக்க ஆரம்பிச்சிட்டா, ஒட்டுன எடத்துல வேலை நின்னு போகும். எங்களுக்கெல்லாம் அந்த எடத்தைத் தப்பில்லாமத் தாண்டிப் போக ஏதோ ஒண்ணு இருக்கு. உனக்கு அது இல்ல. அதனால நின்னு, தடுமாறி, எதையாவது தப்பா எழுதிட்டுப் போகுது. அந்தத் தப்புகள் சேர்ந்து சேர்ந்துதான் கட்டியாகுது."

தாண்டிப்போக உதவுவது எது என்று வேலுத்தாய் கேட்டதற்கு, அது இன்னும் யாருக்கும் தெரியாது என்றார் டாக்டர். மருந்து கிடையாது. வெயிலில் நிற்காமல் இருந்தால் புதுச் சேதம் குறையும், முன்பே சேர்ந்த தப்பை அழிக்க முடியாது. புதிதாக எது முளைத்தாலும் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வேலுத்தாய் நேராகப் பட்டறைக்குப் போய் சேக் முகைதீனிடம் விஷயத்தைச் சொன்னாள். மற்றவர்களுக்கு ஒட்டுமா என்று அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஒட்டாது என்றாள். மறுநாளிலிருந்து உள்ளே துணியைச் சுருட்டிக் கட்டும் வேலை கொடுத்தார். கூட இருந்த பெண்கள் சில நாள் தள்ளி உட்கார்ந்தார்கள், அப்புறம் அவர்களுக்கே அலுத்துப்போனது. வீட்டுக்கும் பட்டறைக்கும் அவள் குடையோடு, புருஷனின் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு நடந்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுப் போவாள். இடையிடையே கட்டி வரத்தான் செய்தது. சின்னதாக இருக்கும்போதே போனதால் வெட்டி எடுக்க முடிந்தது. மூக்கின் ஒரு பக்கம் மட்டும் குறைந்துவிட்டது.

1996-இல் மாரியாத்தாள் தன் மகன் சங்கரலிங்கத்துக்குப் பேச்சியம்மாளைப் பெண் கேட்டாள். கேட்க வேண்டிய அவசியமே இல்லாத சம்பந்தம் அது. அண்ணன் மகன், முறைமாப்பிள்ளை. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சம்மதம் என்பது தெருவுக்கே தெரியும். சுந்தரபாண்டியன் சந்தோஷப்பட்டான். வேலுத்தாய் மட்டும் ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாகக் குறையின் இரண்டு பங்கும் சேர்ந்ததால்தான் வேலுத்தாய்க்கு இந்த நோய். வேலுத்தாயிடமிருந்து மகளுக்குக் குறையில் ஒரு பங்கு கட்டாயம் போயிருக்கும். காளிராஜுக்கும் இதே நோய்தான் என்றால், அவர் மகனிடமும் ஒரு பங்கு இருக்கும். ஒரு பங்கு மட்டும் இருப்பவர்களுக்கு ஒன்றும் செய்யாது. இந்த இரண்டு பேரும் கட்டிக்கொண்டால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு, இரண்டு பங்கும் சேர்ந்துவிட. வெளியே கட்டினால் அநேகமாக வராது. கல்யாணம் செய்யாதே என்று டாக்டர் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு செய்யுங்கள் என்றுதான் சொன்னார்.

வேலுத்தாய் ஊர் திரும்பி மதினி வீட்டுக்குப் போனாள்.

"மதினி, அண்ணனை எது கொண்டு போச்சோ, அதுதான் என் மூஞ்சியிலயும் இருக்கு. நம்ம பிள்ளைய ரெண்டு பேரும் கட்டிக்கிட்டா பேரப்பிள்ளைக்கு வந்துரும்னு பயமா இருக்கு. நான் பொண்ணு தரலை."

 "தகப்பன் இல்லாத பய, சீக்கு வீடுன்னு ஒதுக்கிட்டே, இல்லையா?" என்றாள் மாரியாத்தாள்.

"சீக்கு வீடு நான் பொறந்த வீடு மதினி. அதை நான் எப்படி ஒதுக்க?"

 அன்றைக்கு வாசல் வரைக்கும்கூட மாரியாத்தாள் வரவில்லை.

மறுநாள் ஷிப்டு முடிந்து சங்கரலிங்கம் வந்தான். சண்டை போடத்தான் வருகிறான் என்று வேலுத்தாய் நினைத்தாள். அவன் டாக்டர் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டு, "அத்தை, அப்ப எனக்கு வராதா?" என்றான்.

"ஒனக்கு வராதுய்யா. ஒங்கிட்ட ஒரு பங்குதான் இருக்கு."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அப்பா செத்ததிலிருந்து தினமும் இரண்டு கண்ணாடி வைத்துப் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை. அழுது முடித்ததும், பேச்சியிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தான். அவன் என்ன சொன்னான் என்பது வேலுத்தாய்க்குத் தெரியாது. மகள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேச மாதக்கணக்கானது. ஒரு நாள் கோபத்தில், உனக்கு வந்த நோய்க்கு நான் ஏன் தண்டம் கட்ட வேண்டும் என்று கேட்டுவிட்டாள்.  மகள் கேட்டதில் தப்பு இருப்பதாக வேலுத்தாய்க்குத் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவருக்குப் பேச்சியம்மாளைக் கட்டிக்கொடுத்தார்கள். முறைமாப்பிள்ளை என்ற மரியாதையோடு சங்கரலிங்கம் முன்னால் நின்று எல்லாக் காரியமும் பார்த்தான். மாரியாத்தாளும் வந்தாள். பெண்ணுக்குத் திருநீறு பூசினாள், பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டாள். பிறகு சங்கரலிங்கத்துக்குக் கூமாப்பட்டியில் பெண் எடுத்தபோது வேலுத்தாய்க்குச் சொல்லிவிட்டார்கள், ஆனால் மாரியாத்தாள் நேரில் வந்து அழைக்கவில்லை. வேலுத்தாய் போய் மொய் எழுதி, சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள்.

1999-இல் ஒரு தடவை மதுரைக்குப் போயிருந்தபோது தங்கபாய் நல்ல சேதி ஒன்று சொன்னார். செல்லுக்குள் அந்த ஒட்டிய இடத்தைத் தாண்டிப்போக உதவுவது எது என்று கண்டுபிடித்துவிட்டார்களாம். வேலுத்தாயிடம் இல்லாதது அதுதான்.

"அதை எனக்கு வைக்க முடியுமாம்மா?"

"இப்ப முடியாது."

"என் மககிட்ட ஒரு பங்கு இருக்கும்னீங்க. அவ புருஷன்கிட்டயும் அந்தக் குறை இருக்கான்னு பார்க்க முடியுமா?"

இனிமேல் அதற்கு வழி வரும் என்றார் டாக்டர். பேச்சியம்மாள் அப்போது முழுகாமல் இருந்தாள். வழி வந்ததும் சொல்லியனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டு, வேலுத்தாய் சட்டையை மாட்டி, குடையை விரித்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. கார்த்திகையில் வேலுத்தாய்க்கு இமைக்குக் கீழே இன்னொரு கட்டி வந்தது. வெட்டி எடுத்து, தையல் பிரித்த மறுநாள் வேலைக்குப் போனாள்.