சிண்டர் லேன் வண்டியின் ஆறாவது ஆள்

“பள்ளிக்கூடத்தையே முடிக்காத நீ, ஒரு தீயணைப்பு வண்டி எந்த வருஷத்ததுன்னு எனக்குச் சொல்லித் தர்றியா?”

பழைய வண்டிச் சங்கத்து ஷெட்டில், எல்லார் முன்னாலும் சங்கத் தலைவர் கிளைவ் ஆட்டர்பர்ன் என்னிடம் கேட்டார். அப்போது நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஆமாம், சொல்லித் தருகிறேன். அந்த ஷெட்டில் என் காதால் கேட்டதையும் சொல்கிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்தது நடந்ததுதான்.

1987, நவம்பர் 14, சனிக்கிழமை. இங்கிலாந்தில் யார்க்ஷயர், ஸ்கெல்பெக் என்ற ஊர். எனக்குப் பதினேழு வயது.

வண்டி, டென்னிஸ் என்ற கம்பெனி செய்த பழைய தீயணைப்பு வண்டி. கூரை இல்லாதது. பக்கத்துக்கு மூன்று பேர் முதுகோடு முதுகாக, தெருவைப் பார்த்து உட்கார்ந்து, பித்தளைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி. வருஷத்தை முடிவு செய்ய ஆட்டர்பர்ன் நம்பர் பிளேட்டை மட்டும் பார்த்தார். பிளேட் 1938 என்றது.

“முப்பத்தெட்டுல எவன்யா வெளியில தொங்கிட்டுப் போனான்? எல்லாரும் உள்ள உக்காந்தாச்சு. இந்த மேல்கூட்டை எவனோ பின்னாடி மாட்டியிருக்கான். நாளைக்குப் பத்தரை மணிக்கு அறுத்துடுவோம். மூடின கூடு புதுசா கட்டலாம்.”

“அந்த ஆளுக்கு நம்பர் பிளேட்டுதான் பைபிள்,” என்றார் டீ போட்டுக்கொண்டிருந்த நாரிஸ், என் காதோரம். “பேசேன் கண்ணு. வாயில என்ன, டாஃபியா?”

எனக்குத் தெரியும். அது நூற்பாலையின் சொந்த வண்டி. ஆலைக்குள்ளும், ஆலைக்குச் சொந்தமான சிண்டர் லேன் என்ற தெருவிலும் மட்டும் ஓடியது. அப்படி ஓடுகிற வண்டிக்கு யாரும் நம்பர் வாங்க மாட்டார்கள். 1938இல் ஊர் நிர்வாகம் அதை வாங்கிப் பொதுச்சாலையில் இறக்கியபோதுதான் பிளேட் வந்தது. வண்டி அதற்கும் மூத்தது, ஆட்கள் வெளியில் தொங்கிப் போன காலத்தது. தயாரித்தபோது அடிச்சட்டத்தில் அடித்த எண் கிடைத்தால் போதும், அறுக்க முடியாது.

எல்லாரும் கிளம்பினார்கள். நாரிஸ் சாவியை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

பிற்பகல் 3.52. டார்ச்சோடும் சுரண்டியோடும் வண்டிக்கு அடியில் நுழைந்தேன். எண் வழக்கமாக வலது முன் ஸ்பிரிங் அருகே இருக்கும். சுரண்டினேன். சிவப்பு. அதற்கடியில் யுத்தகாலச் சாம்பல்நிறப் பெயிண்ட். அதற்கடியில் மறுபடி சிவப்பு. பிறகு துரு. எண் இல்லை.

4.05. குளிர்கால நாள்; வெளியே அதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது.

மணி அடித்தது. வண்டியின் மணி. ஒரே ஒரு தடவை... டங்.

அதன் நாக்கைப் பாலிஷ் போட நாரிஸ் கழற்றியிருந்தார். அது மேஜை மேல் கிடந்தது. நான் படுத்த இடத்திலிருந்து தெரிந்தது.

4.09. தொம்.

யாரோ படியில் ஏறுகிற சத்தம். ஸ்பிரிங் முனகியது. வண்டி என் பக்கமாக ஒரு விரல் அளவு இறங்கியது.

தொம். தொம். வலது பக்கம் மூன்று.

தொம். தொம். இடது பக்கம் இரண்டு.

நான் காத்திருந்தேன். ஆறாவது வரவில்லை.

4.11. பின்னால், சிமெண்ட் தரையில் காலடிகள். ஓடுகிற காலடிகள். பூட்ஸ். கிட்ட வரவில்லை. தள்ளியும் போகவில்லை. நின்ற இடத்திலேயே ஓடுகிற மாதிரி... தட் தட் தட் தட்.

டார்ச்சைத் திருப்பினேன். தரையில் கால்கள் இல்லை.

சத்தம் மட்டும்.

எழுந்து ஓடியிருக்கலாம். கதவு பத்தடியில்தான். ஓடினால் நாளை பத்தரைக்கு ரம்பம்.

“நான் வெளிய வரமாட்டேன்,” என்றேன். சத்தமாக. அந்த ஷெட்டில் நான் அப்படிப் பேசியதே இல்லை. “யாரா இருந்தாலும் சரி. எண் கிடைக்கிறவரை வரமாட்டேன்.”

காலடிகள் நின்றன.

டப். இடது பின்மூலையில், சட்டத்தில், ஒரு கை அடித்தது.

அந்தப் பக்கமே தவழ்ந்தேன்.

டப்.

என் கன்னத்துக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள். நான் திரும்பவில்லை.

சுரண்டினேன்.

மூச்சு...

சுரண்டினேன்.

ஒரு 5. ஒரு 2. பிறகு மீதி இலக்கங்கள். எந்த எண் எந்த வருஷத்தது என்று என் நோட்டில் நான் எழுதிவைத்திருந்த பட்டியலில் அந்த எண் 1931.

4.26. வெளியே வந்தேன். யாரும் இல்லை.

மறுநாள் 10.20. ஆட்டர்பர்ன் குனிந்து எண்ணைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

“பட்டியல் யார் எழுதினது? நீதானே? நகரு பாப்பா.”

ரம்பத்தின் ஒயரைச் சுவரில் செருகினார்.

நான் வண்டியில் ஏறி இடது பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தேன். “அறுக்கணும்னா என்னையும் சேத்து அறுங்க.”

“அடி சக்கை! டாஃபி கரைஞ்சிடுச்சு!” என்றார் நாரிஸ்.

“கண்ணு, அங்க உக்காராதே,” என்றது இன்னொரு குரல்.

வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தார். பெயர் மார்ஜரி சக்டன். ஆலையின் பழைய போட்டோ இருந்தால் கொண்டுவரச் சொல்லித் தபாலாபீஸில் நான் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்து வந்தவர். கையில் ஒரு போட்டோ. இதே வண்டி, இதே மேல்கூடு, ஆறு பேர். பின்பக்கம் மையில் 1932.

“அது எங்கப்பா இடம்,” என்றார்.

நான் இறங்கினேன்.

“முப்பத்திநாலுல கீழ் ஆலையில தீ. அஞ்சு பேர் ஏறினதும் கிளம்பிட்டாங்க. அப்பா ஓடிப்போய்க் கடைசியில தொத்தினார். சிண்டர் லேன் வளைவுல கை நழுவிடுச்சு. அவர் விழுந்தது யாருக்கும் தெரியல. எழுந்து பின்னாடியே ஓடினாரு. கால் மைல். வீட்டு ஜன்னல்ல நின்னு நான் பார்த்தேன், அஞ்சு வயசு எனக்கு. ஆலை வாசல்ல வந்து, வண்டியை ரெண்டு தட்டு தட்டிட்டு விழுந்தாரு.”

அந்த அம்மா பெஞ்சின் கடைசியிலிருந்த காலி இடத்தைப் பார்த்தார்.

“டாக்டர் எங்கம்மாகிட்ட சொன்னதை நான் கேட்டேன். பின்மண்டை மொத்தமும் அந்த வளைவுலயே கிடந்துச்சாம். இந்த மனுஷன் அங்கேயே செத்தாச்சு, இதுக்கு மேல ஓடியிருக்கவே முடியாதுன்னாரு.”

ஆட்டர்பர்ன் போட்டோவின் பின்பக்கத்தைப் படித்தார். திருப்பி அந்த ஆறு முகங்களையும் பார்த்தார். அதை அந்த அம்மாவிடம் கொடுத்தார். ரம்பத்தின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கையில் சுற்றினார். என்னைத் தாண்டி வெளியே போனார்.